கத்தி வைக்காத முகம்

காற்றைப் பற்றி யாராவது சுகமாகப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, "அப்பா, இன்னா காத்து" என்று நெஞ்சைத் திறந்து காட்டும்போது நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். ஆனி பிறந்துவிட்டால் மேற்கு ஜன்னலைச் சாத்திவிட்டு வியர்வையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். கிழவனுக்குக் கிறுக்கு முற்றிவிட்டது என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். பேசிக்கொள்ளட்டும். அந்தக் காற்றோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டியவன் நான். ஏறக்குறைய ஜெயித்தும்விட்டேன். கடைசியில் ஒரே ஒரு நாள் தோற்றேன். அந்த ஒரு நாளால் என் மச்சான் போய்விட்டான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரில் ஒரு டூரிங் டாக்கீஸின் விளம்பர வேனை ஓட்டிக்கொண்டிருந்தேன். டெண்ட் கொட்டகை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மற்ற ஊர்க் கொட்டகைகளில் மாட்டு வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, தப்பு அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படத்துக்கு ஆள் கூப்பிட்ட காலம் அது. எங்கள் முதலாளிக்கு அது கௌரவக் குறைச்சலாகப்பட்டது. பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஒரு வேனை ஏலத்தில் பிடித்துக்கொண்டு வந்தார். சக்கரங்களுக்கு நடுவே அகலம் குறைவு, தரையிலிருந்து உயரம் அதிகம். அது போதாது என்று காஞ்சிபுரத்தில் கொடுத்து, ஆள் நிமிர்ந்து நிற்கிற மாதிரி மரத்தில் ஒரு கூண்டு கட்டி எடுத்துவந்தார். கூண்டின் இரண்டு பக்கமும் ஆளுயரத்தைத் தாண்டிய தட்டிகள்.

தட்டி என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூங்கிலைப் பிளந்து கட்டம் கட்டமாக வைத்துக் கட்டுவோம். அதன் மேல் பழைய பேப்பரை மைதாப் பசையில் ஒட்டுவோம். அது காய்ந்த பிறகு படத்தின் போஸ்டரை ஆறு தாளாகச் சேர்த்து ஒட்டுவோம். எல்லாம் காய்ந்தால் விரலால் தட்டிப் பார்க்கும்போது டம் டம் என்று சத்தம் வரும். தட்டி கூண்டுக்கு மேலும் இரண்டு முழம் நீட்டிக்கொண்டு நிற்கும். முள்வேலிக்கும் கரும்புக்கும் மேலே ஹீரோவின் முகம் தெரிய வேண்டும் என்பது முதலாளியின் கண்டிப்பு. கப்பலுக்குப் பாய் கட்டுகிற மாதிரி வண்டிக்குப் பாய் கட்டுகிறோம் என்று எங்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

மச்சான் என் மனைவியின் தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அவள் கையில் வளர்ந்தவன். கல்யாணமாகி என் வீட்டுக்கு வரும்போது அவனையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். எங்களுக்குப் பிள்ளை பிறந்த பிறகும் அவளுக்கு அவன்தான் மூத்த பிள்ளை. கழனிக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவனை, குரல் நன்றாக இருக்கிறதே என்று முதலாளியிடம் சொல்லி மைக் பிடிக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். மைக்கைப் பிடித்தால் செந்தமிழ் வரும், கீழே வைத்தால் கீதும் வூடும்தான். வேலைக்கு வந்த முதல் நாள் என் மனைவி வாசல் வரை வந்து சொன்னாள்.

"கழனியில கெடந்து காயறதுக்கு இது தேவல. ஆனா வண்டி வாசலுன்னா எனக்குப் பயம். உன்ன நம்பித்தான் உடறேன். போனமேனிக்குத் திரும்பி வரணும் அவன்."

"என் வண்டியில இன்னா ஆவப் போவுது?" என்றேன்.

முதல் ஆடியிலேயே தெரிந்துவிட்டது என்ன ஆகும் என்று. மாகறல் பக்கத்து ஊர்களைச் சுற்றிக்கொண்டு திரும்பும் வழியில் ஒரு ஏரிக்கரையின் மேல் வர வேண்டும். கரை வடக்கு தெற்காக ஓடும். மேற்கே ஏரி, கிழக்கே தாழ்ந்த கழனி. கோடையில் ஏரி காய்ந்து பொட்டலாகக் கிடக்கும். அந்தப் பொட்டலில் மேல்காற்று தடுக்க ஆளில்லாமல் ஓடி வந்து, கரையில் மோதி எழும்பி, எங்கள் தட்டியில் விழும். அன்றைக்கு ஒரு கணம் வலது பக்கச் சக்கரங்கள் தரையில் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. வண்டி தானாக இடது பக்கம் நகர்ந்தது. நான் ஸ்டியரிங்கை ஏரிப் பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டு கரையைக் கடந்தேன். கரை முடிந்ததும் வண்டியை நிறுத்தினேன். மச்சான் சிரித்துக்கொண்டே, "மாமா, வண்டி டான்ஸ் ஆடுது" என்றான்.

வீட்டில் சொல்லவில்லை. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்லாமல் விட்டோம்.

அடுத்த நாளே வண்டியைப் பிடிவாதமாகத் திருத்த ஆரம்பித்தேன். பாரம் இல்லாததால் ஆடுகிறது என்று நினைத்து, பாலாற்று மணலை மூட்டை கட்டிக் கூண்டின் பின்கதவு ஓரமாக அடுக்கினேன். தூக்கிப் போட அதுதான் வசதி. விளைவு இன்னும் மோசம். பின்பக்கம் கனத்துப்போய் முன்சக்கரம் லேசாகிவிட்டது. ஸ்டியரிங் கையில் பஞ்சு மாதிரி இருந்தது. காற்று தொட்டால் வண்டியின் வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. திருமுக்கூடல் ரோட்டில் எதிரே வந்த ஒரு மாட்டு வண்டிக்காரர் என்னைக் குடிகாரன் என்று நினைத்து வாய்க்கு வந்தபடி திட்டினார்.

காஞ்சிபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, கூண்டில் கை வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு பீடியைப் பற்றவைத்தார்.

"வால்ல பாரத்த வச்சா வால் ஆடாம இன்னா பண்ணும்? ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல வை. தரையோட தரையா வை. மேல கீறதயெல்லாம் கீழ எறக்கு."

அவர் சொன்னபடியே செய்தேன். மூட்டைகளை டிரைவர் சீட்டின் பின்னால் நடுவாக, பலகைக்கு மேல் ஒரே அடுக்காகப் பரப்பினேன். கூண்டின் தலையில் இருந்த பேட்டரிப் பெட்டியைக் கீழே இறக்கினேன். இரண்டு புனல் ஸ்பீக்கர்களில் ஒன்றை எடுத்துவிட்டு, மற்றதை முன்பக்கம் தாழ்வாகக் கட்டினேன். மேஸ்திரி பின்பக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டு, ஸ்டியரிங்கில் இருந்த ஆட்டத்தை எடுத்துக் கொடுத்தார். டயரில் காற்று கொஞ்சம் குறைந்தாலும் வண்டி ஊஞ்சலாடும் என்று சொன்னார். அதிலிருந்து தினம் காலையில் நான்கு டயரையும் கட்டையால் தட்டிச் சத்தம் கேட்காமல் வண்டியை எடுத்ததில்லை.

இவ்வளவு செய்ததில் முக்கால்வாசி ஆட்டம் போய்விட்டது. ஆனால் கரை மேல் ஏறினால் மிச்சம் கால்வாசி அப்படியே இருந்தது. மேஸ்திரியிடம் மறுபடியும் போய் நின்றேன். அவர் சலித்துக்கொண்டார்.

"நீ வண்டிக்கு வைத்தியம் பண்ணிக்கினு கீற. காத்து வண்டியத் தள்ளலய்யா, தட்டியத் தள்ளுது. தட்டிதான் வண்டியத் தள்ளுது. அத்த எடுத்துடு."

தட்டியை எடுத்துவிட்டால் பிறகு வேன் எதற்கு, நான் எதற்கு, மச்சான் எதற்கு? உயரத்தையாவது குறைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். நான் ஏதோ கோபுரத்தை இடிக்கச் சொன்ன மாதிரி பார்த்தார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

வழி காட்டியது ஒரு ஆடு. சிரிக்கத்தான் தோன்றும், நானும் அன்று சிரித்தேன். மைதாப் பசை என்றால் ஆடுகளுக்கு உயிர். கொட்டகை ஓரத்தில் நிறுத்தியிருந்த வேனில் எவனோ அவிழ்த்துவிட்ட வெள்ளாடு ஒன்று பானெட் வழியாகக் கூண்டின் தலையில் ஏறி நின்று, இரண்டு பக்கமும் போஸ்டரை அங்கங்கே பிய்த்துத் தின்றுவிட்டது. புதுப் போஸ்டர் ஒட்ட நேரம் இல்லை. மூங்கில் கட்டங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு தெரிய அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். கரை மேல் ஏறிப் பாதி தூரம் போன பிறகுதான் உணர்ந்தேன், என் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கவே இல்லை. காற்று ஓட்டைகள் வழியாக நுழைந்து கூண்டுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கி, அந்த ஓட்டைகளில் கையை விட்டுப் பார்த்தேன். மச்சான் என்னைப் பார்த்து, "மாமாவுக்கு இன்னாமோ ஆயிடுச்சி" என்று மைக்கிலேயே சொன்னான். கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். புதுப் படம் மாறும்போதெல்லாம் போஸ்டர் ஒட்டிக் காய்ந்ததும், மூங்கில் கட்டம் பார்த்து அரைவட்டமாக வெட்டிவிடுவேன். மேல்புறம் ஒட்டிக்கொண்டு கீழ்ப்புறம் திறந்திருக்கும். காற்று இல்லாதபோது மூடிக்கொள்ளும், அடித்தால் திறந்துகொள்ளும். ஒரு பக்கத்துக்கு ஒரு டஜன் வெட்டு. மேலே அதிகம் வெட்ட வேண்டும், கீழே குறைவாகப் போதும். ஏனென்றால் வண்டியைச் சாய்ப்பது மேலே அடிக்கிற காற்றுதான். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கரை மேல் போய்ப் போய், பயந்து பயந்து கற்றுக்கொண்டது.

முகத்தில் மட்டும் வெட்டுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டது. வானத்தில் வெட்டலாம், மலையில் வெட்டலாம், கதாநாயகியின் முந்தானையில் வெட்டலாம். படத்தின் பெயரில்கூட எழுத்துக்கு நடுவே வெட்டலாம். வில்லன் முகத்தில் வெட்டினால் ஜனங்களுக்குச் சந்தோஷம். காற்றில் வில்லனின் கன்னம் படபடவென்று அடித்துக்கொள்ளும்போது ஊரே கைதட்டும். அடுத்த ஆடியை அப்படியே கடந்தோம். தென்னேரிக் கரையில் வைக்கோல் வண்டி ஒன்று காற்றில் குடை சாய்ந்ததாகப் பேசிக்கொண்ட வாரத்தில்கூட எங்கள் வேன் நின்று நிதானமாகக் கரையைக் கடந்தது. என் மனைவியிடம் அப்போதுதான் பழைய பயத்தைச் சொன்னேன், இனிமேல் பயமில்லை என்பதால். அவள் தம்பியின் தலையில் குட்டினாள். எனக்கும் நாலு வார்த்தை கிடைத்தது. அந்தச் சாயங்காலத்தை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். எவ்வளவு அகம்பாவத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு அடுத்த ஆடியில் அந்தப் படம் வந்தது. ஹீரோ யார் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு ஆள் வரும். பட்டணத்தில் ஓடி, காஞ்சிபுரத்தில் ஓடி, தேய்ந்துபோன பிரதி எங்களுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் எங்கள் ஜனங்களுக்கு அது புதுப் படம். அவர் படம் என்றால் ஊர் எல்லையிலேயே வண்டியை மறித்துத் தட்டிக்குக் கற்பூரம் காட்டுவார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள், மாலை போடுவார்கள். அவர் முகத்துக்குக் காட்டிய கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏன், நானே ஒற்றிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அவர் படமும் மாட்டியிருந்தது.

போஸ்டர் மூட்டையைப் பிரித்து ஆறு தாளையும் தரையில் விரித்தபோதே எனக்குச் சொரேர் என்றது. ஆறு தாளிலும் ஒரே முகம். முடியிலிருந்து மோவாய் வரை முகம், முகம், முகம். வானம் இல்லை, மலை இல்லை, முந்தானை இல்லை. அடியில் படத்தின் பெயருக்கு ஒரு சாண் இடம். வெட்ட வேண்டிய மேல்பகுதி முழுக்க அவருடைய நெற்றியும் கண்ணும்.

முதலாளியிடம் போனேன். அவரும் யோசித்தார். தாடையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"கன்னத்துல, நெத்தியில சின்னதா வெட்டிக்கோ நைனா. கண்ணுல வாயில வைக்காத. ஜனங்க பேஜார் பண்ணுவாங்க. ஆனா காத்து அடிக்கிற நாளு, வண்டி பத்திரம்."

இதை நான் இங்கே எழுதியே ஆக வேண்டும். பிற்காலத்தில் ஊரில் பலர், முதலாளி முகத்தை வெட்டக் கூடாது என்று தடுத்ததால்தான் அப்படி ஆனது என்று பேசினார்கள். அவர் தடுக்கவில்லை. வெட்டச் சொன்னார். பாவம், அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே அவர் செத்தும் போனார்.

வெள்ளிக்கிழமை காலை. தட்டி ஏற்றி, டிக்கெட் கிழிப்பவர் கற்பூரம் காட்டிவிட்டுப் போனார். சாமந்தி மாலை கட்டியிருந்தது. நான் மடக்குக் கத்தியை எடுத்து விரித்தேன். மச்சான் பக்கத்தில் நோட்டீஸ் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்து பார்த்து, "வாணாம் மாமா, மூஞ்சில வாணாம்" என்றான். நான் கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெட்டாததற்கு ஈடாக நாலு மூட்டை மணல் அதிகம் ஏற்றினேன். பாரத்தைக் கொண்டு சமாளித்துவிடலாம் என்று என் மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். மேஸ்திரி சொன்னது காதில் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன்.

காலையில் ஒன்றும் இல்லை. மாகறல் வரை போனோம். செய்யாற்றங்கரை ஊர்களில் கூட்டம் தாங்கவில்லை. மச்சானின் தொண்டை கட்டிக்கொள்ள, வழியில் வண்டியை நிறுத்தி மோர் வாங்கிக் குடிக்கவைத்தேன். மத்தியானத்துக்கு மேல் மேல்காற்று கிளம்பியது. புழுதியைச் சுருட்டிக்கொண்டு வந்து கண்ணில் அடித்தது. கரைக்கு ஏறும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். தட்டியைக் கழற்றிக் கூண்டுக்குள்ளே படுக்கப்போட்டுவிட்டுப் போகலாம் என்றேன். மச்சானுக்கு முகம் வாடிவிட்டது.

"கர மேல வரும்போதுதான மாமா நாலு ஊரும் பாக்கும். அவுரு மூஞ்ச கழட்டி உள்ள போட்டுக்கினா போறது? ஜனங்க எதிர்பாத்துக்கினு கீறாங்க."

உண்மைதான். கரையின் தெற்கு முனையில் ஆட்கள் நின்றுகொண்டிருப்பது புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. மெதுவாகப் போனால் போயிற்று என்று கியரைப் போட்டேன். அவன் வழக்கம்போல இடது பக்கப் படிக்கட்டில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நோட்டீஸ் வீச அந்தப் பக்கம்தான் தோது. காற்று வண்டியின் வலது பக்கம் அடிக்கும், அவன் விடுகிற நோட்டீஸ் இடது பக்கம் கழனியெல்லாம் பறந்துபோய் விழும்.

கரையின் முதல் பாதியில் ஏரிப் பக்கமாக ஒரு பனைவரிசை உண்டு. அதன் மறைவில் வண்டி அடக்கமாகப் போனது. பனைவரிசை மதகுக்கு அருகில் முடிந்துவிடும். அங்கே காற்று ஒரேயடியாக வந்து விழும் என்பது எனக்குத் தெரியும். நூறு முறை அந்த இடத்தைக் கடந்திருக்கிறேன். ஸ்டியரிங்கை முன்கூட்டியே ஏரிப் பக்கம் லேசாக ஒடித்துத் தயாராகத்தான் இருந்தேன். கடைசிப் பனை தாண்டியது. டம் என்று தட்டியில் ஒரு சத்தம். வலது பக்கம் எழும்பியது. நான் முழுசாக ஒடித்தும் வண்டி கேட்கவில்லை. மணல் மூட்டைகள் சரிந்து இடது பக்கமாகப் போகிற சத்தம் கேட்டது. நாலு மூட்டையை அதிகம் ஏற்றிய நான் அவற்றைக் கயிறு போட்டுக் கட்டவில்லை. பழைய மூட்டைகள் ஒரே அடுக்கு, அசையாது. புது மூட்டைகள் அதன் மேல் சும்மா கிடந்தன.

வேன் சரிவில் இறங்கி இடது பக்கமாகப் படுத்தது. எனக்கு நெற்றியில் காயம், அவ்வளவுதான். மேலே இருந்த கதவு வழியாக ஏறி வெளியே வந்தேன். வலது பக்கத் தட்டி இப்போது வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அந்த முகம் ஒரு கிழிசல்கூட இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. சாமந்தி மாலைகூட அறுபடவில்லை. மச்சான் கீழே இருந்தான். இடுப்பு வரை வெளியே, மிச்சம் கூண்டுக்கு அடியில்.

கழனியில் இருந்தவர்களும் கரை முனையில் நின்றவர்களும் ஓடி வந்தார்கள். நல்ல ஜனங்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வண்டியைத் தூக்க வேண்டுமென்றால் மேலே ஏறிக் கூண்டில் கயிறு கட்ட வேண்டும். மேலே ஏறினால் அந்த முகத்தின் மேல் கால் வைக்க வேண்டும். முதலில் ஏறியவர் ஒரு கணம் நின்றார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அந்தக் கன்னத்தின் மேல் விரித்து, அதன் மேல் கால் வைத்து நடந்தார். பின்னால் ஏறியவர்கள் முகத்தை மிதிக்காமல் ஓரமாகச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொற்றித் தொற்றிப் போனார்கள். நான் கீழே மச்சானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழித்துக்கொண்டு போங்கடா என்று கத்த வேண்டும் போலிருந்தது.

அவன் கண்ணைத் திறந்தான்.

"தட்டி கிழிஞ்சிடுச்சா மாமா?"

"இல்லடா. ஒண்ணும் ஆவல."

"அக்காகிட்ட சொல்லாத" என்றான்.

காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான். செய்ய முடிந்ததைச் செய்தார்கள். திங்கட்கிழமை காலை, நாஷ்டா வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று நான் வெளியே போன நேரத்தில் போய்விட்டான். இரண்டு இட்லிப் பொட்டலத்தோடு திரும்பி வந்து வராந்தாவில் நின்றேன். என் மனைவி கட்டிலுக்கு அருகில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கத்தி எப்பவும் உங்கையிலதான கீது. ஏன் வெட்டல?"

எனக்குப் பதில் தெரியும். அதைச் சொல்கிற தைரியம் இல்லை. என் வாய் தானாகச் சொன்னது.

"வெட்டத்தான் போனேன். அவன்தான் வாணாம்னான்."

அவள் திரும்பித் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். "பாவி, உன் வாயாலயே கெட்டியா" என்றாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

படம் கொட்டகையில் நிரம்பி வழிந்து ஓடியது. கிழியாத அந்த வலது பக்கத் தட்டியை மாட்டு வண்டியில் கட்டிக்கொண்டு போனார்கள். வேனைக் கரைச் சரிவிலிருந்து மீட்டு, கூண்டைப் பிரித்து விற்றுவிட்டார்கள். நான் கொட்டகை வேலையை விட்டுவிட்டு லாரிக்குப் போனேன். வீட்டுச் சுவரில் இருந்த ஹீரோ படத்தை நான் கழற்றவில்லை, அவளும் கழற்றவில்லை. செல்லரித்துத் தானாக விழுந்தது.

அவளுடைய துக்கத்தின் குணமே அன்றிலிருந்து மாறிவிட்டது. வருஷா வருஷம் ஆடியில் அவனுக்குப் படையல் போடுவாள். வடை, பாயசம் எல்லாம் வைத்துவிட்டு, அவனைத் திட்டுவாள். "ஒரு காகிதத்துக்கு உசுர உட்டியேடா, புத்தி கெட்டவனே. கிழிச்சிப் போடுன்னு சொல்லியிருந்தா நீ இன்னைக்கு பேரன் பேத்தியோட இருப்பல்ல?" அவன் ஒருமுறைகூட அவளிடம் எதிர்த்துப் பேசியவன் இல்லை. அந்தப் படையலிலும் பேசாமல் வாங்கிக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் வடையைத் தின்றேன். நாற்பது வருஷத்துக்கு மேல் தின்றேன்.

மேலே எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும். வெள்ளிக்கிழமை காலை நடந்ததை, நான் என் மனைவியிடம் சொன்ன மாதிரியே இங்கேயும் எழுதிவிட்டேன். பழக்கம் அப்படி. நடந்தது வேறு. கத்தியை விரித்துக்கொண்டு அந்த முகத்துக்கு முன்னால் நின்றேன். அந்தக் கண்கள் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. கன்னத்தில் முனையைக் கூட வைத்தேன். அழுத்த மனசு வரவில்லை. காற்றையும் கரையையும் பனைவரிசையையும் என் மனைவியையும் நினைத்தேன், நினைக்காமல் இல்லை. நினைத்துவிட்டுத்தான் கத்தியை மடித்தேன். மடித்துப் பையில் போட்ட பிறகு திரும்பினால், மச்சான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வெட்கப்பட்டு நிற்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் அப்படிச் சொன்னான். "வாணாம் உடு மாமா. மூஞ்சில வாணாம். நமக்கு மனசு வராது." என்னைத் தேற்றச் சொன்ன வார்த்தை அது. அதை எடுத்துத்தான் அவன் தலையில் கட்டினேன்.

போன வருஷம் என் மனைவி படுத்த படுக்கையாக இருந்தாள். நினைவு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஆடிக் கடைசி வாரம். மேற்கு ஜன்னலைச் சாத்தியிருந்தேன். வாயில் தண்ணீர் விடுவதற்காகத் தலையைத் தூக்கிப் பிடித்தபோது, தெளிவாக என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"படையல் போடணும். நான் போயிட்டா அவனத் திட்டறதுக்குக்கூட ஆளில்ல. அன்னிக்கு அவன் மட்டும் வாணாம்னு சொல்லாம இருந்திருந்தா, நீ வெட்டியிருப்பதான?"

டம்ளர் என் கையில் இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

"ஆமா, வெட்டியிருப்பேன்" என்றேன்.